"போன் போதும் சார்"னு சொல்றவங்களுக்கு

நீளமான த்ரெட். குற்றம் நடந்த இடத்தையும் உடம்புல இருக்கிற காயத்தையும் நாம எப்படி போட்டோ எடுக்கிறோம்னு பேசப்போறேன். ரத்தப் படம் எதுவும் போடமாட்டேன், தைரியமா படிக்கலாம்.

உங்க வீட்டுக் கல்யாணத்தை ஒரு நிமிஷம் நினைச்சுப் பாருங்க. பொண்ணு கையில இருக்கிற மருதாணியை எடுக்க ஒருத்தர் கேமராவோட குனிவார். இன்னொருத்தர் பக்கவாட்டுல லைட்டைப் பிடிச்சுக்கிட்டு நிப்பார். "கொஞ்சம் இறக்குப்பா, ஷேடோ விழுது"னு சத்தம் கேட்கும். மருதாணிக்கே இவ்வளவு!

அதே ஊர்ல ஒரு பொண்ணு சந்தேகமான முறையில செத்துக் கிடந்தா? கழுத்துல இருக்கிற தடத்தை எடுக்கிறது பெரும்பாலும் யாரோ பாக்கெட்ல இருந்து எடுத்த போன். ஃபிளாஷ் ஆன். நின்ன இடத்துல இருந்தே நாலு கிளிக். முடிஞ்சது.

ஏன்னு கேட்டா, "200 மெகாபிக்சல் சார், இது போதும்."

போதாது. இதைச் சொல்றது கேமரா பைத்தியம் பிடிச்ச ஆள் இல்லை. சட்ட மருத்துவத்துல வேலை பாக்கிற, கூண்டுல ஏறி சாட்சி சொல்ற டாக்டர்.

காயம் ஆறிடும். உடம்பை மறுநாளே எரிச்சுடுவோம். வீட்டைக் கழுவி விட்டுடுவாங்க. கேஸ் விசாரணைக்கு வரும்போது வருஷங்கள் ஓடியிருக்கும். அன்னிக்கு நீதிபதி முன்னாடி மிச்சம் இருக்கிறது நான் எழுதின வரிகளும் அந்த போட்டோக்களும்தான். வரியில சந்தேகம் வந்தா எல்லாரும் போட்டோவைத்தான் திருப்பிப் பாப்பாங்க. அதுல ஃபிளாஷ் பட்டு ஒரு வெள்ளைத் திட்டு மட்டும் தெரிஞ்சா, அடிச்சவனுக்கு அதுவே போதும்.

முதல்ல கோணம். கேமரா காயத்துக்கு நேர் எதிரே, 90 டிகிரியில இருக்கணும். 40 டிகிரி சாய்ஞ்சு எடுத்தா 4 செ.மீ. காயம் படத்துல 3 செ.மீ.தான் இருக்கும். இது வெறும் கணக்கு, பத்தாம் வகுப்பு கோசைன். கத்தியோட அகலம் என்னன்னு சண்டை போடுற கேஸ்ல 1 செ.மீ.ங்கிறது பெரிய விஷயம்.

இதுக்குன்னே எல் வடிவத்துல ஒரு ஸ்கேல் இருக்கு, ஏ.பி.எஃப்.ஓ. 2ஆம் எண் ஸ்கேல்னு பேரு. அதுல மூணு வட்டம் போட்டிருக்கும். படத்துல வட்டம் கோழிமுட்டை மாதிரி தெரிஞ்சா கேமரா சாய்ஞ்சிருக்குன்னு அர்த்தம். எவ்வளவு அழகான யோசனை பாருங்க. படம் எடுத்தவர் பொய் சொல்லலாம், வட்டம் சொல்லாது. நம்ம ஊர்ல அந்த இடத்துல என்ன இருக்கும்? ஒரு பேனா, இல்லன்னா தீப்பெட்டி. பல நேரம் அதுவும் இருக்காது.

1900களின் தொடக்கத்துலயே பாரிஸ் போலீஸ்ல பெர்ட்டியோன்னு ஒருத்தர், உயரமான முக்காலி மேல கேமராவைக் கட்டி, பிணத்துக்கு நேர் மேல இருந்து படம் எடுத்தார். படத்தோட ஓரத்துலயே அளவுகோல் வர்ற மாதிரி ஏற்பாடு. நூறு வருஷத்துக்கு மேல ஆச்சு. நாம இன்னும் எட்டிப் பாத்து எடுக்கிறோம்.

அப்புறம் கிட்டப் போய் எடுக்கிற பழக்கம். போன் லென்ஸ் இயல்பாவே அகலமா பாக்கிற லென்ஸ். ஒரு சாண் தூரத்துல வெச்சா நடுவுல இருக்கிறது வீங்கி, ஓரம் ஒடுங்கிடும். செல்ஃபியில மூக்கு பெருசா தெரியுதே, அதே கோளாறுதான். ரெண்டடி பின்னாடி போய் 2எக்ஸ் லென்ஸ் வெச்சு எடுக்கணும். யாரும் போறதில்ல.

இப்ப வெளிச்சம். என் கோபமெல்லாம் இங்கதான்.

இன்னிக்கு ராத்திரி ஒரு சின்ன சோதனை பண்ணிப் பாருங்க. ரூம் லைட்டை அணைச்சுட்டு டார்ச்சைத் தரையோட தரையா படுக்க வெச்சு ஆன் பண்ணுங்க. சாயங்காலம்தான் பெருக்கினோம்னு நினைச்ச தரையில தூசி, முடி, பருக்கை, ஈரக்கால் வெச்ச தடம் எல்லாம் எழுந்து நிக்கும். டார்ச்சைத் தூக்கி நேர் மேல இருந்து அடிங்க. எல்லாம் காணாமப் போயிடும்.

போன் ஃபிளாஷ் லென்ஸுக்குப் பக்கத்துலயே இருக்கு. அது எப்பவும் நேரா அடிக்கிற வெளிச்சம். நிழல் இல்லைன்னா மேடு பள்ளம் தெரியாது. தரையில இருக்கிற செருப்புத் தடத்தை நேர் ஃபிளாஷ்ல எடுக்கிறதும் எடுக்காம விடுறதும் ஒண்ணு. கேமராவை முக்காலியில நேர் மேல நிறுத்திட்டு, லைட்டைத் தாழ்வா சாய்ச்சு, ஒவ்வொரு பக்கமா மூணு நாலு திசையில இருந்து அடிச்சுத் தனித்தனியா எடுக்கணும். ஒரு திசையில தெரியாத கோடு இன்னொரு திசையில தெரியும். இதுக்குத் தேவை ஒரு டார்ச்சும், அதைப் பிடிக்க ஒரு ஆளும். கல்யாணத்துல கிடைச்ச அதே ஆள்!

தோல்லயும் அதே கதை. பிணவறையில எல்லாம் ஈரம், ஸ்டீல் மேஜை வேற. நேர் ஃபிளாஷ் அடிச்சா பளீர்னு கண்ணாடி மாதிரி திருப்பி அடிக்கும். நகக்கீறல் அந்தப் பளபளப்புல கரைஞ்சிடும்.

அடுத்தது நிறம். இதைக் கவனமா படிங்க, ஏன்னா இங்க ஒரு மனுஷனோட விதியே மாறும்.

அடிபட்ட இடம் கன்றிப்போனா முதல்ல சிவப்பு, அப்புறம் நீலம், கருநீலம், பச்சை, மஞ்சள்னு மாறும். நிறத்தை வெச்சு நாள் கணக்கு துல்லியமா சொல்ல முடியாது, பழைய பாட அட்டவணைகளை இப்ப யாரும் முழுசா நம்புறதில்ல. ஆனா ஒண்ணு ஓரளவு நிக்குது: மஞ்சள் தெரிஞ்சா அடிபட்டுக் குறைஞ்சது 18 மணி நேரமாவது ஆகியிருக்கும்.

இப்ப யோசிங்க. ஒருத்தரைக் காலையில கைது பண்றாங்க, சாயங்காலம் உடம்புல காயம். "கைதுக்கு முன்னாடியே இருந்த காயம்"னு ஒரு தரப்பு சொல்லுது. சாட்சி அந்தப் படம்தான். அதை மஞ்சள் பல்பு வெளிச்சத்துலயோ பச்சைத் திரைக்குப் பக்கத்துலயோ எடுத்திருந்தா? போன் தானா ஒரு நிறத்தை ஊகிச்சுப் போட்டுக்கும். புதுச் சிவப்பு பழுப்பு மஞ்சளாயிடும். இன்னிக்கு அடிச்ச அடி, படத்துல நேத்தைய அடி.

இதைத் தடுக்க என்ன வேணும்? படத்துக்குள்ள ஒரு சாம்பல் நிற அட்டை. எந்த ஸ்டுடியோக்காரரைக் கேட்டாலும் கிரே கார்டுன்னு எடுத்துக் கொடுப்பார். அந்த அட்டை சாம்பலா தெரியலைன்னா காயத்தோட நிறமும் பொய். அவ்வளவுதான் விஷயம். நம்ம மாதிரி மாநிறம், கருநிறத் தோல்ல கன்றல் ஏற்கெனவே மங்கலாத்தான் தெரியும். அதுக்கு மேல முகத்தை வழவழப்பாக்கிற பியூட்டி மோடு வேற. பல போன்ல அது ஆன் ஆகியிருக்கிறதே எடுக்கிறவருக்குத் தெரியாது.

ஒரு வேடிக்கை சொல்லட்டுமா? இருட்டின பிறகு போஸ்ட்மார்ட்டம் கூடாதுன்னு காலங்காலமா வெச்சிருந்ததுக்குச் சொன்ன காரணங்கள்ல ஒண்ணு, செயற்கை வெளிச்சத்துல காயத்தோட நிறம் மாறித் தெரியும்ங்கிறது. 2021 நவம்பர்லதான் வசதியுள்ள ஆஸ்பத்திரிகள் ராத்திரியிலும் செய்யலாம்னு மத்திய அரசு சொன்னது. அப்பவும் கொலை, தற்கொலை, பாலியல் வன்கொடுமை மாதிரியான கேஸ்களைப் பொதுவா விலக்கியே வெச்சாங்க. நிறத்துக்காக சூரியன் உதிக்கக் காத்திருந்த நாம, விடிஞ்சதும் என்ன பண்றோம்? ஜன்னலை மூடிட்டு ஃபிளாஷ்ல எடுக்கிறோம்.

"அதான் புதுச் சட்டம் வந்தாச்சே சார்?" வந்தாச்சு. 2024 ஜூலை 1ல இருந்து நடைமுறையில இருக்கிற பி.என்.எஸ்.எஸ். 105ஆம் பிரிவு, சோதனையையும் பறிமுதலையும் வீடியோ எடுக்கச் சொல்லுது, முடிஞ்சவரை மொபைல் போன்லயேன்னு. 176(3), 7 வருஷமோ அதுக்கு மேலயோ தண்டனை உள்ள குற்றத்துல தடயவியல் நிபுணர் இடத்துக்கே போகணும், வீடியோ எடுக்கணும்னு சொல்லுது. முழுசா அமலுக்குக் கொண்டுவர மாநிலங்களுக்கு 5 வருஷம் அவகாசம். நல்ல சட்டம்தான், நான் வரவேற்கிறேன்.

ஆனா வீடியோ, போட்டோவுக்கு மாற்று கிடையாது. ஃபுல் எச்.டி. வீடியோவுல ஒரு ஃபிரேம் சுமார் 2 மெகாபிக்சல்தான். 200 மெகாபிக்சல் பெருமை பேசினவங்க இதைக் கொஞ்சம் கவனிக்கணும். கை ஆட ஆட நடந்துக்கிட்டே எடுத்த வீடியோவை நிறுத்திப் பாத்தா காயம் ஒரு மங்கல் திட்டு. யார் இருந்தாங்க, எதை எங்க இருந்து எடுத்தாங்கன்னு சொல்ல வீடியோ வேணும். காயம் எப்படி இருந்ததுன்னு சொல்ல நிலையா நின்னு எடுத்த படம் வேணும். காவல் மரணங்கள்ல பிரேதப் பரிசோதனையை வீடியோ எடுங்கன்னு தேசிய மனித உரிமை ஆணையம் 1995லயே மாநிலங்களுக்கு எழுதினது. எந்த வெளிச்சத்துல, எந்த அளவுகோலோடன்னு கேட்க இன்னும் ஆள் இல்லை.

எடுத்த படத்தை என்ன பண்றோம்? வாட்ஸ்அப் குரூப்ல போடுறோம். அங்க போட்டோவா அனுப்பினா படம் சுருங்கும், எடுத்த நேரமும் இடமும் சொல்ற தகவல் உதிர்ந்துடும். இப்ப இருக்கிற சாட்சியச் சட்டம் 63ஆம் பிரிவு, மின்னணு ஆவணத்துக்குச் சான்றிதழும் ஹாஷ் மதிப்பும் கேட்குது. ஹாஷ்ங்கிறது ஃபைலோட கைரேகை மாதிரி, ஒரு புள்ளி மாறினாலும் மாறிடும். அஞ்சு குரூப் சுத்தி வந்த படத்துக்கு யாரோட கைரேகையை வைப்பீங்க? எனக்குக் கருத்து கேட்டு ஒரு முறை வந்த படங்கள், போன்ல இருந்த ஃபார்வர்டை இன்னொரு போன்ல போட்டோ எடுத்தது. திரையோட கோடுகள்கூட அதுல இருந்துச்சு.

(டி.வி. சீரியல்ல லுமினால் தெளிச்சதும் ரூமே நீலமா ஜொலிக்கும். நிஜத்துல அது மங்கலான, சட்டுனு அடங்கிப்போற வெளிச்சம். கும்மிருட்டு, முக்காலி, நீண்ட எக்ஸ்போஷர் இல்லாம படத்துல ஒண்ணும் விழாது. பிளீச்சிங் பவுடர் பட்டாலும் மின்னும். அதனால "லுமினால் அடிச்சா தெரிஞ்சிடுமே டாக்டர்"னு கேட்காதீங்க.)

"காசு எங்க சார்?"னும் கேட்பாங்க. நான் கேட்கிறது முக்காலி, ரெண்டு எல்.இ.டி. லைட்டு, ஸ்கேல், கிரே கார்டு, அப்புறம் ஒரு நாள் பயிற்சி. ஒரு கல்யாண ஆல்பத்து விலையில பாதிகூட வராது. பல ஊர்ல ஸ்டேஷன்ல இருந்து கூப்பிடுறது பக்கத்து ஸ்டுடியோக்காரரைத்தான். அவருக்கு லைட் பிடிக்கத் தெரியும். கழுவுறதுக்கு முன்னாடி ஒண்ணு, கழுவின பிறகு ஒண்ணு, ஸ்கேல் இல்லாம ஒண்ணு, ஸ்கேலோட ஒண்ணுன்னு அவருக்கு யாரும் சொல்லிக் கொடுக்கலை. தப்பு அவர் மேல இல்லை.

உங்களுக்கு இதுல என்ன வேலைன்னா, அடி வாங்கினது நீங்களோ உங்க தங்கச்சியோ பக்கத்து வீட்டு அக்காவோ ஆகலாம். அப்ப செய்ய வேண்டியது:

பகல்ல, ஜன்னல் பக்கம், நேர் வெயில் படாம நில்லுங்க. ஃபிளாஷையும் பியூட்டி மோடையும் அணைச்சிடுங்க. முதல் படத்துல முகமும் காயமும் சேர்ந்து வரணும், இல்லன்னா "இது யார் கை?"ன்னு கேட்பாங்க. அப்புறம் நடுத்தூரம், அப்புறம் கிட்ட. கிட்ட எடுக்கும்போது முதல்ல அளவு எதுவும் வைக்காம ஒண்ணு, பிறகு காயத்தை ஒட்டி ஸ்கேலும் ஒரு வெள்ளைத்தாளும் வெச்சு ஒண்ணு. ஸ்கேல் இல்லையா? 10 ரூபாய் நாணயம் வைங்க, விட்டம் 27 மி.மீ. கன்றல் மறுநாளோ அதுக்கடுத்த நாளோதான் நல்லா வெளியே தெரியும், அதனால தினமும் எடுங்க. எதையும் எடிட் பண்ணாதீங்க, மங்கலா வந்ததைக்கூட அழிக்காதீங்க. அனுப்பணும்னா வாட்ஸ்அப்ல டாக்குமென்ட்டா அனுப்புங்க. ஒரிஜினல் போன்லயே இருக்கட்டும்.

படம் எடுத்துட்டு வீட்டுல உக்காந்துடாதீங்க. அரசு ஆஸ்பத்திரி கேஷுவாலிட்டிக்குப் போய் ஏ.ஆர். போடச் சொல்லுங்க, அந்த நம்பரைக் குறிச்சு வெச்சுக்கங்க. காயம் எந்தப் பக்கம், எத்தனை செ.மீ., என்ன நிறம்னு டூட்டி டாக்டர் எழுதியிருக்காரான்னு கேளுங்க. கூச்சப்படாம கேளுங்க, நாங்க எழுத வேண்டியதுதான் அது.