மேல்மாடி யன்னலுக்கு ஏணி எதற்கு?

மேல்மாடி யன்னலைக் கழுவ ஏணியில் ஏறப் போகிறீர்களா? சற்றுப் பொறுங்கள், சகோதரிகளே. பிரிட்டனில் இத்தொழில் செய்வோர் பலர் நிலத்தில் நின்றபடியே நீண்ட கோலால் கழுவுகிறார்கள். கோலின் நுனியில் தூரிகை. குழாய்வழியே நீர் அங்கு வந்து பாயும். சவர்க்காரம் இல்லை, துடைப்பதும் இல்லை! உப்புகள் நீக்கிய நீர் என்பதால் காய்ந்தாலும் புள்ளி விழாது. நமது கிணற்று நீரென்றால், அதுவும் புத்தளத்துச் சுண்ணாம்பு நீரென்றால், வெண்புள்ளிகள்தாம் மிஞ்சும். வீட்டில் செய்வோர் கைக்கெட்டும் கண்ணாடியையாவது உடனே துடைத்துவிட வேண்டும்.

முதலில் சட்டத்தின் மேற்பகுதியைத் தேய்த்து அலசுங்கள். கண்ணாடியில் தொடங்கினால் சட்டத்து அழுக்கு பின்னர் வடிந்து கோடுபோடும்.

பக்கத்தில் மின்கம்பி செல்கிறதா? கோலைத் தூக்கவே வேண்டாம். அலுமினியக் கோல் மட்டுமல்ல, காபன் நார்க் கோலும் மின்சாரத்தைக் கடத்தும்.