ஃபேன் முதல்ல, பேனல் அப்புறம்!

வீட்டுக்கடன் முடிஞ்சிருச்சு மக்கா! பதினஞ்சு வருஷம் மாசாமாசம் போன பதினோராயிரம் இனி நம்ம கையில. சங்கரன்கோவில்ல இந்த மாதிரி சேதிக்குக் கால் முளைச்சிரும். ஒரே வாரத்துல ரெண்டு பேர் வந்து, "அண்ணாச்சி, மொட்டை மாடி சும்மாத்தானே கிடக்கு, 3 கிலோவாட் சோலார் போட்டுருங்க, லோனும் நாங்களே ஏற்பாடு பண்றோம்"னு ஆரம்பிச்சாச்சு. ஒரு ஈ.எம்.ஐ. வாசல் வழியா வெளிய போகுது, இன்னொண்ணு மாடி வழியா இறங்குது :-)

நான் சோலாருக்கு எதிரி இல்லை. வரிசைதான் தப்புங்கிறேன்.

முதல்ல பத்திரம். கடன் அடைச்சு 30 நாளுக்குள்ள மூலப்பத்திரத்தைத் திருப்பித் தரணும், வங்கியால தாமதம்னா நாளுக்கு 5,000 ரூபாய் இழப்பீடுன்னு ரிசர்வ் வங்கி 2023 செப்டம்பர்லயே சொல்லியாச்சு. பத்திரம் கைக்கு வந்ததும் பல பேர் பீரோவுல வச்சுப் பூட்டிடறாங்க. சார்பதிவாளர் ஆபீஸ்ல அடமானம் பதிவாகியிருந்தா, அதுக்கு ரசீது ஆவணமும் பதியணும். இல்லேன்னா வில்லங்கச் சான்றுல கடன் அப்படியே உட்கார்ந்திருக்கும். பத்து வருஷம் கழிச்சு புள்ளைங்க ஏன் அலையணும்?

ரெண்டாவது, ஆறு மாச வீட்டுச் செலவுக்கான பணம். ஆஸ்பத்திரிச் செலவு வந்தா, அடைச்ச வீட்டையே மறுபடி அடமானம் வைக்கிற கதையை நம்ம தெருவுலயே பார்த்திருக்கோம். முதல் ஒரு வருஷ ஈ.எம்.ஐ. பணம் அப்படியே தபால் ஆபீஸ் ஆர்.டி.க்குப் போறது நல்லது.

இப்போ கரண்டு.

நம்ம மின்கட்டணம் ரெண்டு மாசக் கணக்கு, படிப்படியா ஏறுறது. 2016லேர்ந்து முதல் 100 யூனிட் இலவசம். 2022 செப்டம்பர்ல வந்த கட்டணத்தை வச்சுக் கணக்குப் போடுறேன் (2024 ஜூலையில இன்னும் ஏத்தினாங்க, ஆனா படியோட உருவம் மாறலை). 500 யூனிட் ஓடினா 1,725 ரூபாய். 501 ஓடினா? 1,958! ஒரே ஒரு யூனிட்டுக்கு 233 ரூபாய். 500ஐத் தாண்டினா, கீழ இருக்குற 101-200 யூனிட்டுக்கான சலுகையும் போயிடும், அதான் காரணம். 600 ஓடினா 2,750.

பழைய சீலிங் ஃபேன் 75 வாட். ஒரு நாளைக்கு 12 மணி நேரம் ஓடினா ரெண்டு மாசத்துக்கு 54 யூனிட். பி.எல்.டி.சி. ஃபேன் 30 வாட்தான், 22 யூனிட்டுக்குள்ள முடிஞ்சிரும். நாலு ஃபேன் மாத்தினா சுமார் 130 யூனிட் மிச்சம். 600 ஓடுற வீடு 470க்கு இறங்கிடும், பில் 1,545. ஒரு பில்லுக்கு 1,205 ரூபாய் லாபம்! ஃபேன் மூவாயிரம்னு வச்சாலும் பத்துப் பில்லுல போட்ட காசு வந்துடும். லோனும் வேண்டாம், மானியமும் வேண்டாம்.

சோலாருக்கும் இதே படிக்கணக்குதான். ஒரு கிலோவாட் நாளுக்குச் சுமார் 4 யூனிட், ரெண்டு மாசத்துக்கு 240 (ஆடி மேக மூட்டத்துல குறையும்). ஃபேன் மாத்தாத அதே 600 யூனிட் வீட்டுல முதல் கிலோவாட் பில்லை 2,750லேர்ந்து 945க்கு இறக்கும். ரெண்டாவது கிலோவாட் 945ஐ 45 ஆக்கும். மூணாவது? அந்த 45 ரூபாய்க்குத்தான்! மிச்சத்துல ஒரு பகுதி, அரசு இலவசமா தர்ற 100 யூனிட்டை நம்ம காசு போட்டு நாமளே தயாரிக்கிறது. 2024ல வந்த பிரதமர் சூர்ய கர் திட்டத்துல 2 கிலோவாட் வரைக்கும் கிலோவாட்டுக்கு 30,000 மானியம், 3 போட்டா மொத்தம் 78,000. அதாவது மூணாவதுக்கு வெறும் 18,000தான். ஆனா விக்க வர்றவங்க எல்லாரும் மூணுலதான் ஆரம்பிக்கிறாங்க.

ஃபேன் மாத்தின வீட்டுக்கு ஒரு கிலோவாட்டே தாராளம். ஏ.சி. இருக்குற வீடுன்னா 2 நியாயம். தறி ஓடுற வீடுகளோட கணக்கு வேற. விசைத்தறி இணைப்புக்கு 2023லேர்ந்து 1,000 யூனிட் இலவசம் தனியா உண்டு, அதை வீட்டு மீட்டரோட சேர்த்துக் குழப்பிக்க வேண்டாம்.

ஏ.சி. வாங்குறதுக்கு முன்னாடி மேல ஒரு பார்வை பாருங்க. நம்ம ஊர் வீடுகள்ல பாதி, கான்கிரீட் போட்டதோட நின்னது. சித்திரையில ராத்திரி பத்து மணிக்கும் கூரை கொதிக்கும். சுண்ணாம்பும் செங்கல் ஜல்லியும் கொட்டி மேல தட்டோடு பதிச்சா அந்தக் கொதிப்பு நல்லாவே குறையும். கையில காசு கம்மின்னா வெள்ளைப் பூச்சாவது அடிக்கலாம். ஆனா தட்டோடு பதிக்கத் தெரிஞ்ச கொத்தனார் இப்போ ரொம்பக் கம்மி. தை பிறந்ததுமே சொல்லி வச்சாத்தான் பங்குனிக்குள்ள வேலை முடியும்.