சம்பளம்தான் கொடுத்தாச்சே!

போன மாதம் ஒரு சனிக்கிழமை இரவு எங்கள் வீட்டில் பெரிய வாக்குவாதம். சொத்துப் பிரச்சினை இல்லை, கல்யாணப் பேச்சும் இல்லை. ஓர் அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடர்தான் காரணம். சுங்கை ஆயர் தாவாரில், செம்பனைக் காட்டுப் பக்கம் தவளை கத்திக்கொண்டிருந்த நேரத்தில், நியூயார்க் விளம்பரக் கம்பெனி ஒன்றைப் பற்றி நாங்கள் ஐந்து பேர் குரலை உயர்த்திக்கொண்டிருந்தோம்.

கோலாலம்பூரில் விளம்பர நிறுவனம் ஒன்றில் வேலை செய்யும் என் மகள் வார விடுமுறைக்கு வந்திருந்தாள். வந்ததிலிருந்து முகம் சரியில்லை. கேட்டால், “ஒண்ணும் இல்லைப்பா” என்றாள். இரவுச் சாப்பாடு முடிந்ததும் மடிக்கணினியைத் தொலைக்காட்சியோடு இணைத்து, “இன்னைக்கு எல்லாரும் நான் போடறதப் பாருங்க. ஒரு எபிசோட்தான்” என்றாள். அவளுடைய பாட்டி, அதாவது என் அம்மா, வழக்கமான நாடகம் போய்விட்டதே என்ற வருத்தத்தோடு உட்கார்ந்தார். ஊருக்குள்ளேயே இருக்கும் என் மச்சானும் வந்திருந்தார். தோட்டத்து ஆபீசில் கிராணியாக இருந்து ஓய்வு பெற்றவர்.

தொடரின் பெயர் ‘மேட் மென்’. 2007 முதல் 2015 வரை ஏழு பருவங்களாக ஓடிய தொடர். 1960-களில் நியூயார்க்கில் விளம்பரத் தொழில் செய்தவர்களின் ஆபீஸ் கதை. என் மகள் போட்டது நான்காவது பருவத்தில் வரும் ‘தி சூட்கேஸ்’ என்ற எபிசோட். 2010 செப்டம்பர் 5-ஆம் தேதி முதலில் ஒளிபரப்பானது. அதற்குப் பிறகு எத்தனையோ பேர் அதைப் பற்றி விவாதித்துவிட்டார்கள். நாங்கள் கொஞ்சம் தாமதமாகச் சேர்ந்துகொண்டோம்.

கதை ஒரே இரவில் நடக்கிறது. 1965 மே 25. முகம்மது அலியும் சோனி லிஸ்டனும் இரண்டாவது முறையாக மோதிய நாள். ஆபீஸே அந்தக் குத்துச்சண்டையைப் பற்றித்தான் பேசுகிறது. பெக்கி என்ற பெண்ணுக்கு அன்று 26-வது பிறந்த நாள். டைப் அடிக்கும் செக்ரட்டரியாக வேலைக்கு வந்து, சொந்தத் திறமையால் விளம்பர வாசகம் எழுதும் இடத்துக்கு உயர்ந்தவள். சாப்பாட்டுக் கடையில் காதலனும் அவளுடைய குடும்பமும் காத்திருக்கிறார்கள். முதலாளி டான் டிரேப்பர் அவளைப் போக விடாமல், சாம்சனைட் பெட்டிக்கு விளம்பரம் யோசிக்கச் சொல்லி உட்கார வைத்துவிடுகிறார்.

என் மகள் நிறுத்தி நிறுத்தித் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தாள். அம்மா குறுக்கே புகுந்தார். “பொறந்த நாளைக்குப் பெத்தவள காக்க வச்சிட்டு அப்படி என்ன பொட்டி வேல?”

பெக்கி ஒரு கட்டத்தில் வெடிக்கிறாள். தரை பாலீஷ் விளம்பரம் ஒன்றுக்கு டான் பெரிய விருது வாங்கியிருக்கிறார். அதன் மூல யோசனை தன்னுடையது என்கிறாள் அவள். நீ கொடுத்தது விதை மட்டும்தான், அதை விளம்பரமாக்கியது நான் என்கிறார் அவர். யோசனை கொடுப்பது உன் வேலை, அதற்குத்தான் பணம் தருகிறேன் என்கிறார். ஒருநாளாவது நன்றி சொன்னீர்களா என்று கேட்கிறாள். சம்பளம் தருவதே அதற்குத்தான் என்பது போலக் கத்துகிறார் டான். அவள் அழுதுகொண்டே எழுந்து போகிறாள்.

இங்கே மகள் படத்தை நிறுத்தினாள். “யார் பக்கம் நியாயம்? சொல்லுங்க.”

மச்சான் யோசிக்கவே இல்லை. “முதலாளி பக்கம்தான். இதுல என்ன சந்தேகம்? யோசனை ஆயிரம் பேரு சொல்லுவான். அது ஓடலைன்னா அடி யாருக்கு? அந்தப் பொண்ணுக்கா? ஆபீஸ்ல கணக்கு ஒரு காசு குறைஞ்சாலும் மேனேஜர் என்னைத்தான் கூப்பிட்டுத் திட்டுவாரு. பால் வெட்டினவங்களைக் கூப்பிட மாட்டாரு. திட்டு வாங்கறவனுக்குத்தான் பேரும்.”

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. என் மனைவிக்குத்தான் அது பிடிக்கவில்லை. “நன்றின்னு ஒரு வார்த்தை சொன்னா வாய் சுளுக்கிக்குமா அண்ணே? அந்தப் பொண்ணுக்காவது சம்பளம் இருக்கு. இந்த வீட்டுல முப்பது வருஷமா சமைக்கறவளுக்கு ரெண்டுமே இல்ல.” எல்லோரும் சிரித்தார்கள். நான் மட்டும் தண்ணீர் குடிக்கப் போனேன்.

திரும்பி வந்தபோது மகள் சிரிப்பை நிறுத்தியிருந்தாள். விஷயம் மெல்ல வெளியே வந்தது. தீபாவளி விளம்பரம் ஒன்றுக்கு இவள் யோசனை சொல்லி, இரண்டு வாரம் தூங்காமல் வேலை செய்திருக்கிறாள். மேலதிகாரி அதை வாடிக்கையாளரிடம் கொண்டுபோய்க் காட்டியபோது முதல் பக்கத்தில் அவர் பெயர் மட்டும். கூட்டத்துக்கு இவளை அழைக்கவும் இல்லை. பிறகு கேட்டதற்கு, “மாசம் பொறந்தா சம்பளம் வருதுல்ல?” என்றாராம். ராஜினாமா கடிதம் எழுதி வைத்துவிட்டாள். திங்கட்கிழமை கொடுக்கப் போகிறாளாம்.

அப்போதுதான் அம்மா பேசினார். அம்மாவுக்கு வயது 78. பிறந்து வளர்ந்தது கோல சிலாங்கூர் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில். வாழ்க்கைப்பட்ட பிறகும் பல வருடம் பால் வெட்டியவர். இருட்டோடு எழுந்து, பெரட்டில் நின்று, பேர் கொடுத்து, தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு நிரைக்குப் போனவர். குளிர்ச்சி இருக்கும்போது வெட்டினால்தான் பால் நன்றாக இறங்கும். மழை வந்து மங்கில் தண்ணீர் விழுந்துவிட்டால் அன்றைய பாடு அவ்வளவுதான்.

“ஒருநாள் மேகம் கூடுது. மண்டோரு, ‘இப்ப வராது, வெட்டுங்க’ங்கறான். எனக்கு மனசு கேக்கல. காத்து மாறினது தெரிஞ்சிச்சு. எல்லாருக்கும் சத்தம் போட்டேன். வெட்டறத விட்டுட்டு மொதல்ல பால எடுங்கடின்னு. எடுத்து ஸ்டோருக்குக் கொண்டு போறோம், மழை கொட்டுது. பக்கத்து மண்டோருக்குக் கீழ வெட்டினவங்க பால் பூராவும் போச்சு. எங்க பால் தப்பிச்சிருச்சு. மறுநா பெரட்டுல துரை வந்தாரு. எங்க மண்டோரு முதுகுல தட்டிக் கொடுத்தாரு. ஒரு டின் பிஸ்கட்டும் கொடுத்தாரு.”

“மண்டோர் ஒண்ணுமே சொல்லலையா பாட்டி?”

“தொரை முன்னாடி வாயத் தொறக்கல. சாயங்காலம் அவன் பொண்டாட்டி ஒரு தட்டுல பிஸ்கட் கொண்டு வந்து கொடுத்தா. ‘அவரு கொடுக்கச் சொன்னாரு’ன்னா. அவ்வளவுதான். பிஸ்கட்ட உங்கப்பனும் அவன் அண்ணனும் தின்னாங்க.”

“அது போதுமா உங்களுக்கு?”

“அவன் மனசுல இருந்துச்சுன்னு தெரிஞ்சுக்கிட்டேன். ஆனா தொரைக்கு என் பேரு தெரியலையே.”

இந்தக் கதையை அம்மா எனக்கு ஒருநாளும் சொன்னதில்லை. அந்த பிஸ்கட் எனக்கு நினைவிருக்கிறது. எங்கிருந்து வந்தது என்பதுதான் தெரியாது.

மகள் படத்தைத் தொடர்ந்து ஓட விட்டாள். இரவு நீள்கிறது. இருவரும் சேர்ந்து சாப்பிடுகிறார்கள், யாரிடமும் சொல்லாத குடும்பக் கதைகளைச் சொல்லிக்கொள்கிறார்கள். விடியும்போது டானுக்குக் கலிபோர்னியாவிலிருந்து வேண்டியவர் ஒருத்தியின் சாவுச் செய்தி உறுதியாகிறது. பெக்கியின் எதிரிலேயே உடைந்து அழுகிறார். பிறகு முகம் கழுவி, சட்டை மாற்றி, தான் வரைந்த பெட்டி விளம்பரத்தை அவளிடம் காட்டுகிறார். அவள் கையின் மேல் தன் கையை வைக்கிறார்.

“பாத்தியா, நன்றி சொல்லிட்டான்” என்றார் மச்சான்.

“சொல்லல மாமா. அது பிஸ்கட்” என்றாள் என் மகள்.

அங்கேதான் எனக்கு விஷயம் பிடிபட்டது. ஒரு வேலைக்காரருக்கு முதலாளி தர வேண்டியது ஒரு கணக்கு இல்லை, மூன்று கணக்கு. உழைப்புக்குச் சம்பளம். மனிதருக்கு மனிதர் சொல்ல வேண்டிய நன்றி. நாலு பேர் முன்னால் ‘இது இவர் செய்தது’ என்று சொல்ல வேண்டிய பெயர். ஒன்றில் கொடுத்ததை இன்னொன்றில் கழிக்க முடியாது. டான் சம்பளத்தைக் கொடுத்து மற்ற இரண்டும் தீர்ந்தது என்கிறார். விடியற்காலையில் நன்றிக் கணக்கைக் கொஞ்சம் தீர்க்கிறார். விருதில் உள்ள பெயர் மட்டும் அப்படியே இருக்கிறது.

இது நம் ஊருக்குப் புதிய சங்கதியும் இல்லை. 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் தொடங்கி சிலாங்கூரின் மற்ற பகுதிகளுக்கும் பரவிய வேலைநிறுத்தத்தை நினைத்துப் பாருங்கள். அந்தப் போராட்டத்தை முன்னின்று நடத்திய ஆர்.எச். நாதன் கைது செய்யப்பட்டார். துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. தொழிலாளர்கள் கேட்டவற்றில் சம்பளம் இருந்தது, மருத்துவ வசதி இருந்தது, பிள்ளைகளுக்குப் படிப்பு இருந்தது. அதோடு இன்னொன்றும் இருந்தது. துரையோ கிராணியோ எதிரே வந்தால் சைக்கிளை விட்டு இறங்க மாட்டோம் என்பது. சைக்கிளில் உட்கார்ந்தபடியே போனால் யாருக்கும் ஒரு காசு கூடப்போவதில்லை. ஆனாலும் கூலி உயர்வைக் கேட்ட அதே பட்டியலில் அதையும் சேர்த்துக் கேட்டார்கள். கூலி ஒரு கணக்கு, மரியாதை வேறு கணக்கு என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

இதைச் சொன்னதும் மச்சான், “அது வெள்ளைக்காரன் காலம்” என்றார். கொஞ்ச நேரம் கழித்து அவரே, “பால் நிறுக்கும்போது பேரைக் கூப்பிடாம நம்பரைச் சொல்லிக் கூப்பிட்டிருக்கேன்” என்றார். அதற்கு மேல் எதுவும் சொல்லவில்லை. கிளம்பும்போது அம்மாவிடம் போய், “வரேன்கா” என்று சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் காலையில் மகள் பாட்டியிடம் கேட்டாள். “கடிதத்தைக் கொடுக்கட்டுமா, வேண்டாமா?”

“வேலைய விடறது உன் இஷ்டம். ஆனா வாயத் தொறந்து கேக்காம விடாத. நான் அன்னைக்குக் கேக்கல.”

திங்கட்கிழமை அவள் கடிதத்தைக் கொடுக்கவில்லை. மேலதிகாரியிடம் போய், நன்றி வேண்டாம், அடுத்த முறை முதல் பக்கத்தில் என் பெயர் இருக்க வேண்டும், கூட்டத்தில் நானும் இருக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறாள். அவர் முகம் சுருங்கியதாம். இரண்டு வாரம் கழித்து வேறொரு வேலையில் பெயர் வந்தது, கொஞ்சம் சின்ன எழுத்தில். தீபாவளி விளம்பரத்துக்கு வரவே இல்லை. அந்தக் கடிதத்தை அவள் இன்னும் கிழிக்கவில்லை. வேறு இடத்தில் வேலையும் தேடிக்கொண்டிருக்கிறாள்.

அலுவலகத்தில் எனக்குக் கீழேயும் ஆறு பேர் வேலை செய்கிறார்கள். போன வாரம் மேலிடத்துக்கு அனுப்ப வேண்டிய மாத அறிக்கை தயாராக இருந்தது. அதில் பாதியை எழுதியவர் வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகாத ஓர் இளைஞர். வழக்கம்போல என் பெயரை மட்டும் போட்டு அனுப்பக் கை போனது. நிறுத்தி, அவர் பெயரையும் சேர்த்தேன். அவருக்கும் ஒரு நகல் போனது. ஐந்து நிமிடத்தில் என் மேசைக்கு வந்து நின்றார்.

“சார், என் பேரு...”

“ஆமா, நீங்கதானே எழுதினீங்க” என்றேன்.

வேறு எதுவும் பேசாமல் போனார். அன்று மாலை வீட்டுக்கு வரும் வழியில் அம்மாவுக்கு ஒரு டின் பிஸ்கட் வாங்கினேன். பிரித்துப் பார்த்துவிட்டு, “இந்த வயசுல எனக்கு எதுக்குடா இனிப்பு?” என்றார்.