பெட்டியை மாற்றுகிறவரா, காரணம் சொல்கிறவரா?



இன்வெர்ட்டர் என்றால் என்ன? நம் வகுப்பில் யாரைக் கேட்டாலும் பதில் வரும். "டி.சி.யை ஏ.சி.யாக மாற்றும் சாதனம்." இரண்டு மார்க் கேள்விக்கு இது போதும். ஆறு சுவிட்சுகளைப் போட்டு, அலைவடிவத்தை ஸ்கேல் வைத்து அழகாக வரைந்துவிட்டால் பத்து மார்க்கும் கிடைக்கும். ஆனால் நாளைக்கு ஒரு மில்லுக்கோ பவுண்டரிக்கோ வேலைக்குப் போனால், அங்கே நம்மை யாரும் படம் வரையச் சொல்லப் போவதில்லை. "தம்பி, டிரைவ் ட்ரிப் ஆகி நிக்குது, என்னன்னு பாரு" என்பார்கள். அப்போது நாம் என்ன சொல்வோம்?

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். டிப்ளமோ படிக்கும் நாம் இன்வெர்ட்டரை ஒரு மூடிய பெட்டியாகவே பார்த்துக்கொண்டிருந்தால், நம் படிப்புக்கு மதிப்பு இருக்காது. பெட்டியைக் கழற்றி வேறு பெட்டி மாட்ட யாரும் மூன்று வருடம் படிக்க வேண்டியதில்லை. அது ஏன் நின்றது என்று சொல்லத்தான் படிப்பு வேண்டும்.

இண்டக்‌ஷன் மோட்டாரின் வேகம் நமக்குத் தெரியும். 120-ஐ ஃப்ரீக்வென்சியால் பெருக்கி, போல் எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். 50 ஹெர்ட்ஸ், 4 போல் என்றால் ஒத்தியங்கு வேகம் 1500 ஆர்.பி.எம். வேகத்தைக் குறைக்க வேண்டுமானால் ஃப்ரீக்வென்சியைக் குறைக்க வேண்டும். அதை மின்வாரியம் நமக்காகக் குறைத்துத் தராது. ஆகவே வருகிற ஏ.சி.யை டி.சி.யாக்கி, அந்த டி.சி.யை மறுபடியும் நாம் கேட்கிற ஃப்ரீக்வென்சியில் ஏ.சி.யாக்க வேண்டும். இதைத்தான் டிரைவ் செய்கிறது.

இது எதற்கு என்று கேட்பவர்கள் நூற்பாலைக்குள் போய்ப் பார்க்கட்டும். ரிங் ஃப்ரேமில் காப் ஆரம்பிக்கும்போது வேகம் குறைவாக இருக்க வேண்டும், நடுவில் கூட வேண்டும், முடியும்போது மறுபடி குறைய வேண்டும். இல்லையென்றால் நூல் அறுபடும். ஃபேன், புளோயர் விஷயத்தில் லாபம் இன்னும் பெரிது. ஃபேன் எடுக்கும் மின்திறன் வேகத்தின் மும்மடிக்கு ஏற்ப மாறுகிறது. வேகத்தை 80 சதவீதமாக்கினால் மின்திறன் ஏறக்குறைய 51 சதவீதமாகிவிடும். டேம்பரை மூடி காற்றைக் குறைக்கும் பழைய வழியில் இந்த மிச்சம் கிடைக்காது.

இனி உள்ளே என்ன நடக்கிறது என்று பார்ப்போம். டி.சி.யை ஆறு சுவிட்சுகளால் முறை வைத்துத் திறந்து மூடினால் படிப்படியான ஓர் அலை வரும். மோட்டார் சுற்றும். ஆனால் அந்த அலைக்குள் ஐந்தாவது ஹார்மோனிக் 20 சதவீதமும் ஏழாவது 14 சதவீதமும் ஒளிந்திருக்கும். அவை மோட்டாரைச் சூடாக்கும், அதிர வைக்கும். இதற்கு வந்த மருந்துதான் பல்ஸ் விட்த் மாடுலேஷன். ஒரே பெரிய துடிப்புக்குப் பதிலாக, விநாடிக்குப் பல ஆயிரம் சிறு துடிப்புகள். சைன் அலை உயரும் இடத்தில் துடிப்பின் அகலம் அதிகம், தாழும் இடத்தில் குறைவு. மோட்டாரின் இண்டக்டன்ஸ் அவற்றைச் சமன் செய்து, மின்னோட்டத்தை ஏறக்குறைய சைன் அலையாக ஆக்கிக்கொள்கிறது. குழாயை வேகவேகமாகத் திறந்து மூடி, வாளியில் நிறையும் தண்ணீரின் அளவைக் கட்டுப்படுத்துவது போலத்தான் இது!

இதில் நம் புத்தகம் ஒரே வரியில் தாண்டிப் போகும் ஒரு விஷயம் இருக்கிறது. 415 வோல்ட் சப்ளையின் உச்ச மதிப்பு சுமார் 587 வோல்ட். டி.சி. பஸ்ஸில் அதற்கு மேல் இல்லை. சாதாரண சைன் முக்கோண முறையில் அதிலிருந்து கிடைக்கும் அதிகபட்ச லைன் வோல்டேஜ் சுமார் 359தான். 415 வோல்ட் மோட்டாருக்கு 359 கொடுத்தால் முழு வேகத்தில் முழு டார்க் எங்கிருந்து வரும்? அதனால்தான் மூன்றாவது ஹார்மோனிக்கைச் சேர்க்கிறார்கள், அல்லது ஸ்பேஸ் வெக்டர் முறையைக் கையாள்கிறார்கள். மூன்று ஃபேஸிலும் சேர்க்கும் மூன்றாவது ஹார்மோனிக் ஒரே மாதிரி இருப்பதால், லைனுக்கும் லைனுக்கும் இடையே அது காணாமல் போய்விடும். ஆனால் வோல்டேஜ் 15 சதவீதம் கூடிவிடும். 359 மறுபடி 415 ஆகிவிடுகிறது! இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்த்தவன் "ஸ்பேஸ் வெக்டர்" என்ற பெயரைக் கண்டு பயப்பட மாட்டான். நாமோ பெயரை மட்டும் மனப்பாடம் செய்கிறோம்.

மில்லை விடுங்கள். நாம் சிறு பிள்ளைகளாக இருந்த 2012-ஆம் ஆண்டு வாக்கில், பல மணி நேர மின்வெட்டில் நம் தெருக்களில் வீட்டு இன்வெர்ட்டர்கள் நுழைந்தன. பக்கத்து வீட்டு அத்தை என்னிடம் கேட்டார்: "ஏம்பா, கரண்ட்டுல ஓடும்போது சும்மா இருக்கற ஃபேன், இன்வெர்ட்டர்ல மட்டும் ஏன் உம்முன்னு கத்துது?" விலை மலிவான ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டரில் மூன்றாவது ஹார்மோனிக் மட்டுமே 33 சதவீதம் இருக்கும். ஃபேன் மோட்டார் அதைச் சத்தமாகவும் சூடாகவும் வெளியே விடுகிறது. சைன் வேவ் இன்வெர்ட்டரின் கூடுதல் விலை எதற்கு என்று ஒரு குடும்பத்துக்கு விளக்கிச் சொல்ல, கடைக்காரரைவிட நாம்தானே பொருத்தமான ஆள்?

"இதெல்லாம் டிசைன் பண்ணுகிற இன்ஜினியருக்கு வேணும். நமக்கு பாராமீட்டர் செட் பண்ணத் தெரிஞ்சா போதும்" என்று நண்பர்கள் சிலர் சொல்கிறார்கள். அவர்களுக்கு நான் இன்பிளாண்ட் டிரெயினிங்கில் பார்த்ததைச் சொல்கிறேன். ஒரு மில்லில் பெரிய புளோயர் ஒன்று. அதை நிறுத்தும் ஒவ்வொரு முறையும் டிரைவ் 'ஓவர் வோல்டேஜ்' காட்டி ட்ரிப் ஆகும். "இ.பி. வோல்டேஜ் ஜாஸ்தி" என்றார் ஒருவர். "டிரைவ் போச்சு" என்றார் இன்னொருவர். புது டிரைவ் வாங்கி மாட்டினார்கள். மறுநாளும் அதே ட்ரிப்! எட்டாவது வரை படித்த எலக்ட்ரீஷியன் அண்ணன் ஒருவர் வந்து, நிற்பதற்கு வைத்திருந்த 5 விநாடியை 40 விநாடி ஆக்கினார். ட்ரிப் நின்றுவிட்டது.

காரணம் நம் புத்தகத்திலேயே இருக்கிறது. கனமான புளோயர் தானாக நிற்க வெகுநேரம் எடுக்கும். அதை அவசரமாக நிறுத்தப் பார்த்தால் மோட்டார் ஜெனரேட்டராக மாறி மின்சாரத்தைத் திருப்பி அனுப்பும். முன்னால் இருக்கும் டையோடு ரெக்டிஃபையர் அதை லைனுக்கு விடாது. போக வழியில்லாமல் டி.சி. பஸ் கெப்பாசிட்டரில் வோல்டேஜ் ஏறும். நேரத்தைக் கூட்ட வேண்டும், அல்லது பிரேக்கிங் ரெசிஸ்டர் போட வேண்டும். அண்ணன் அனுபவத்தில் கண்டுபிடித்தார். அடுத்த மெஷினில் வேறு தொல்லை வந்தால் அனுபவம் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். காரணம் தெரிந்தவனுக்கு அந்தக் கஷ்டம் இல்லை. பெட்டி விலைக்கு வீணான பணம், நின்ற மெஷின், அதனால் வேலையில்லாமல் காத்திருந்த தொழிலாளிகள்... இவ்வளவும் ஒரு 'ஏன்' தெரியாததால் வந்தவை.

எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டியவன் நான் ஒருவன்தான். நம்மில் பலர் அப்படித்தான். வேலை கிடைக்க வேண்டும் என்ற அவசரம் எனக்கும் உண்டு. அந்த அவசரத்திலேயேதான் சொல்கிறேன்: பட்டன் அழுத்தத் தெரிந்தவருக்குப் பதிலாக நாளைக்கே வேறொருவரை வைக்கலாம், காரணம் சொல்லத் தெரிந்தவரை அவ்வளவு சுலபமாக அனுப்ப முடியாது.

"இதெல்லாம் வெளிநாட்டுக்காரன் சமாச்சாரம்" என்ற தயக்கமும் வேண்டாம். இன்று டிரைவ்களில் பெரும்பாலும் இருக்கும் ஐ.ஜி.பி.டி. சுவிட்சை உருவாக்கி வளர்த்ததில் முதன்மையானவர் ஜெயந்த் பாலிகா. 1948-இல் சென்னையில் பிறந்தவர், 1969-இல் சென்னை ஐ.ஐ.டி.யில் பட்டம் பெற்றவர். அதற்காக 2024-இல் பின்லாந்து நாட்டின் மில்லேனியம் தொழில்நுட்பப் பரிசு அவருக்குக் கிடைத்தது. அந்த சுவிட்சுகளோடு ஓடும் வந்தே பாரத் ரயில் முதலில் தயாரானதும் 2018-இல் சென்னை ஐ.சி.எஃப்.பில்தான்.

சரி, என்ன செய்யலாம்? குறை மட்டும் சொல்லிவிட்டு உட்கார எனக்கு விருப்பமில்லை. மாணவர் பேரவைக்கு நான்கு யோசனைகள் வைக்கிறேன்.

ஒன்று: ஒவ்வொரு பேட்சும் 12 வோல்ட் பேட்டரியில் ஒரு சிறிய இன்வெர்ட்டர் செய்ய வேண்டும். மாஸ்ஃபெட்டும் சின்ன மைக்ரோகண்ட்ரோலரும் போதும். மேல் சுவிட்சும் கீழ் சுவிட்சும் ஒரே நேரத்தில் ஆன் ஆனால் என்ன ஆகும், 'டெட் டைம்' எதற்கு என்பதை மலிவான ஒரு மாஸ்ஃபெட் எரிந்து கற்றுக்கொடுக்கட்டும். மில் டிரைவ் எரிந்து கற்றுக்கொடுக்க வேண்டாம்.

இரண்டு: பக்கத்து மில்களில் கழித்துப் போட்ட டிரைவ்களைப் பேரவை கேட்டு வாங்க வேண்டும். லேபில் பிரித்துப் பார்ப்போம். ஓடிக்கொண்டிருந்த டிரைவை மட்டும் ஆஃப் செய்த உடனே தொடக் கூடாது. கெப்பாசிட்டரில் உயிரை எடுக்கும் வோல்டேஜ் நிற்கும். மூடியில் எழுதியுள்ள நேரம் வரை காத்திருந்து, மீட்டர் வைத்துப் பார்த்த பிறகே கை வைக்க வேண்டும்.

மூன்று: டிரைவ் அவுட்புட்டில் சாதாரண மல்டிமீட்டரை வைத்தால் அது காட்டும் எண்ணை நம்ப முடியாது. அது சுத்தமான சைன் அலைக்குச் செய்த மீட்டர். ஆகவே டிஃபரன்ஷியல் புரோப் ஒன்று லேபுக்கு வேண்டும் என்று துறையிடம் பேரவை எழுதிக் கேட்க வேண்டும்.

நான்கு: டிரெயினிங் போகும் ஒவ்வொருவரும் ஒரு ட்ரிப்பையாவது எழுதிக்கொண்டு வர வேண்டும். என்ன காட்டியது, என்ன செய்தார்கள், உண்மைக் காரணம் என்ன? இவற்றைத் தொகுத்தால் எந்த கைடும் தராத புத்தகம் நம் கையில் இருக்கும்.

இதற்கெல்லாம் பெரிய பணம் தேவையில்லை. ஆண்டு விழா மேடை அலங்காரத்தில் கொஞ்சம் குறைத்தாலே முதல் இரண்டும் முடிந்துவிடும். நண்பர்கள் கோபிக்க வேண்டாம், அலங்காரமும் வேண்டும்தான்!

படம் வரைந்து மார்க் வாங்குவோம், தவறில்லை. அதோடு ஒரு 'ஏன்' கேட்போம். அடுத்த ஆண்டு மலரில் ஜூனியர் ஒருவர், "எங்கள் பேட்ச் செய்த இன்வெர்ட்டர்" என்று ஒரு கட்டுரை எழுதட்டும். அதைப் படிக்க நான் எந்த மில்லில் இருந்தாலும் வருவேன்.