பூந்திக்கொட்டை தரும் பாடம்

பூந்திக்கொட்டை, சீயக்காய் என்றவுடன் "அது பாட்டி காலத்துப் பொருள்" என்று நம்மில் பலர் முகம் சுளிக்கிறோம். வேறு சிலரோ "இயற்கைப் பொருள், தீங்கே செய்யாது" என்று புகழ்கிறோம். இரண்டுமே ஆராயாமல் சொல்லும் சொற்கள் என்பது நம் கருத்து.

இக்காய்களுக்கு நுரையைத் தருவது சப்போனின் என்னும் வேதிப்பொருள். அதன் மூலக்கூறில் சர்க்கரைப் பகுதி நீரை நாடும். மறுபகுதி எண்ணெயை நாடும். ஆகவே அது எண்ணெய்ப் பிசுக்கைப் பற்றி நீரோடு அகற்றுகிறது. கடினநீரில் சோப்பு கால்சியத்தோடு சேர்ந்து திரிந்துபோகும். பூந்திக்கொட்டைச் சாறோ அந்நீரிலும் நுரைக்கும். நம் அன்னையர் பட்டுச்சேலையையும் நகையையும் அதில் அலசுவது காரணமின்றி அன்று.

ஆனால் அதே சப்போனின் இரத்தத்தில் நேரே கலந்தால் சிவப்பணுக்களை உடைக்கும். குளத்து நீரில் மிகுதியாகக் கரைந்தால் மீன்களின் செவுள்களைத் தாக்கிக் கொல்லும். கண்ணில் பட்டால் எரியும் என்பதை எண்ணெய்க் குளியலன்று அறியாதவர் நம்மில் யார்?

ஆகவே பழமை என்று இகழவும் வேண்டாம். இயற்கை என்று கண்மூடி நம்பவும் வேண்டாம். இரண்டு சோதனைக் குழாய்களில் கிணற்று நீர் எடுத்து, ஒன்றில் சோப்புக் கரைசலும் மற்றொன்றில் பூந்திக்கொட்டைச் சாறும் விட்டுக் குலுக்கிப் பார்ப்போம். தோழியரே, சோதித்து அறிவதே கற்றவர்க்கு அழகு!