சூட்டை அளந்தால் போதுமா?

ஆரணிப் பட்டு என்றதும் நெசவாளியின் கைத்திறனைப் பாராட்டுகிறோம். ஆனால், குழித்தறியில் பாதி உழைப்பு காலுடையது. ஆரணியைச் சுற்றியுள்ள ஊர்களில் குழிக்குள் வெறுங்காலை இறக்கி, மிதிப்பலகையை மாறி மாறி அழுத்தினால்தான் பாவு இழைகள் பிரிந்து நாடாவுக்கு வழிவிடும். அந்தக் காலுக்கு உரியவர் சர்க்கரை நோயாளியாக இருந்தால்?

இது அரிதான நிலை அல்ல. 2023இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வுப்படி, தமிழகத்தில் வயது வந்தோரில் 14.4 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய் உள்ளது, ஏழில் ஒருவர். நோய் முற்றி நரம்பு மரத்துவிட்டால் வலி தெரியாது. ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப விழும் அழுத்தத்தால் உள்ளே தசை கன்றும். மேலே தோல் வழக்கம்போல இருக்கும். ஆனால், அந்த இடம் சூடாகும். புண் வெடிக்கும் முன்பே உடல் தரும் எச்சரிக்கை அது.

உடற்சூட்டைக் காட்டும் வெப்பப் படமெடுப்பு என்றாலே மார்பகப் புற்றுநோய்தான் பேச்சில் முந்துகிறது. அங்கே அதன் தகுதி குறைவு: மேமோகிராமுக்கு அது மாற்றாகாது என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் பலமுறை எச்சரித்திருக்கிறது. அதிகம் பேசப்படாத பாதத்திலோ சூட்டை அளப்பதற்கான ஆதாரம் வலுவானது. 2007இல் வெளியான அமெரிக்க ஆய்வில், முன்பே புண் வந்து ஆறிய 173 பேரை 15 மாதங்கள் கவனித்தார்கள். வழக்கமான சிகிச்சை பெற்றவர்களில் 29 சதவீதம் பேருக்கு மீண்டும் புண் வந்தது. தினமும் பாதச் சூட்டை அளந்தவர்களில் 8.5 சதவீதம் பேருக்கே வந்தது.

முறை எளிது. பெருவிரல், குதிகால் என ஒவ்வொரு பாதத்திலும் ஆறு இடங்களைத் தொட்டு அளந்து, இடதையும் வலதையும் ஒப்பிட வேண்டும். 2.2 டிகிரி செல்சியஸுக்கு மேல் வேறுபாடு நீடித்தால் எச்சரிக்கை. லட்சங்கள் விலையுள்ள கேமரா தேவையில்லை; பாதத்துக்கான தோல் வெப்பமானி போதும். கொரோனா காலத்தில் நெற்றிக்கு நீட்டிய கருவி காய்ச்சலைக் காண அமைந்தது. அதை இதற்கு நம்பக் கூடாது. ரத்த ஓட்டம் குன்றிய கால் சூடேறாமலும் இருக்கலாம் என்பதால், கால் நாடியைப் பார்க்கும் மருத்துவரை எந்தக் கருவியும் விலக்கிவிடாது.

தமிழக அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் 2021 முதல் வீட்டுக்கே வந்து சர்க்கரை மாத்திரை தருகிறது. அந்த மாத்திரைப் பையில் ஒரு வெப்பமானியும் சேரலாம். ஆனால், சிக்கல் அளந்த பிறகுதான் தொடங்குகிறது. அந்த அமெரிக்க ஆய்வில் சூடு கண்டவர்களுக்குச் சொன்ன வைத்தியம், சூடு தணியும்வரை நடையைக் குறைப்பது. குழித்தறியில் அதற்குப் பொருள், தறியை நிறுத்துவது. புடவைக்கு இவ்வளவு என்று கூலி வாங்குபவருக்கு மிதிக்காத நாள் கூலியில்லாத நாள். வலியும் இல்லாதபோது, ஒரு கருவி காட்டும் எண்ணை நம்பி அவர் ஏன் தறியை விட்டு எழ வேண்டும்?

எனவே, வெப்பமானி வாங்கும் செலவோடு ஓய்வு நாட்களுக்கான கூலியையும் திட்டத்தில் எழுத வேண்டும். கைத்தறி நெசவாளர் நல வாரியம் இதை ஏற்கலாம். கால் விரலை எடுத்த பிறகு ஏற்படும் இழப்பைவிட, எடுக்காமல் காக்கும் சில நாள் கூலி எப்படிப் பார்த்தாலும் சிறியதுதான்.