கொலை உவகைக்குரியதா?



"ஒரு திரைப்படத்தைப் பார்த்துவிட்டா ஒருவன் கொலைஞன் ஆகின்றான்? கைப்பேசியில் விளையாடிவிட்டா அரிவாளைத் தூக்குகின்றான்?" என்று கேட்கின்றனர் திரைவணிகர். "ஆம், அவற்றாலேயே நாடு கெட்டது" என்று ஒவ்வொரு கொடுஞ்செயலுக்குப் பின்னும் உரத்துக் கூவுகின்றனர் ஆட்சியிலிருப்போர். முன்னவர் தம் பணப்பையைக் காத்துக்கொள்ளப் பேசுகின்றனர். பின்னவர் தம் பொறுப்பைத் தட்டிக்கழிக்கப் பேசுகின்றனர். இவ்விருவர்க்கும் இடையே விலைபோவது நம் பிள்ளைகளின் நெஞ்சம். எனவே இவ்வழக்கை நாமே கையிலெடுத்து, நடுநின்று ஆராய்வோம்.

முதற்கண், வணிகர் பக்கத்தில் இருக்கும் உண்மையை ஒளிக்காமல் ஒப்புவோம். மாற்றான் கூற்றாயினும் மெய்யை மெய்யென்று ஏற்பதே அறம்.

1999 ஏப்பிரல் 20ஆம் நாள், அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்துக் கொலம்பைன் உயர்நிலைப் பள்ளியில் இரு மாணவர் துமுக்கியால் சுட்டதில், 12 மாணவரும் ஓர் ஆசிரியரும் அன்று மடிந்தனர். சுட்டவர் இருவரும் 'டூம்' என்னும் கணினி விளையாட்டில் ஊறியவர்கள் என்று தெரிந்தவுடனே, "கண்டோம் கொலைக்குக் கரணியத்தை!" என்று இதழ்கள் முழங்கின. ஆனால் அவ்விளையாட்டை உலகெங்கும் இலக்கக்கணக்கானோர் ஆடினர். அவர்கள் எவரையும் சுடவில்லை. சப்பானிலும் தென்கொரியாவிலும் இளைஞர் இத்தகைய விளையாட்டுகளில் இரவு பகலாய்த் திளைக்கின்றனர். அங்கே துமுக்கிக் கொலை மிகமிக அரிது. விளையாட்டு இரு பக்கமும் உண்டு. கடையில் எளிதாய்த் துமுக்கி வாங்கும் வாய்ப்போ அமெரிக்காவில் மட்டுமே உண்டு. வேறுபாடு எங்கே இருக்கின்றது என்பதைச் சிறுபிள்ளையும் கூறும்.

அமெரிக்காவில் 1991ஆம் ஆண்டில் ஒரிலக்கம் மக்களுக்கு 9.8 என்றிருந்த கொலை வீதம், 2000ஆம் ஆண்டில் 5.5 ஆகக் குறைந்தது. கொலை விளையாட்டுகள் வீடுதோறும் புகுந்ததும் அதே பத்தாண்டில்தான். வன்முறைப் படங்களுக்குக் கூட்டம் மிகுந்த நாள்களில் அந்நாட்டில் வன்குற்றம் கூடவில்லை, சற்றுக் குறைந்தே இருந்தது என்று தால், தெல்லாவிக்னா என்னும் பொருளியலறிஞர் இருவர் 2009இல் கணக்கிட்டுக் காட்டினர். குடித்துவிட்டுத் தெருவில் திரிந்திருக்கக் கூடியவன் அந்நேரம் கொட்டகைக்குள் அமர்ந்திருந்தான் என்பதே அதற்கு அவர்கள் கூறும் விளக்கங்களுள் தலையாயது. வன்முறை விளையாட்டுகளைச் சிறுவர்க்கு விற்கக்கூடாதென்று கலிபோர்னியா மாநிலம் இயற்றிய சட்டத்தை, 2011இல் அமெரிக்க உச்ச நயன்மன்றம் ஏழு நடுவர் ஒருபுறமும் இருவர் மறுபுறமுமாக நின்று நீக்கிவிட்டது. விளையாட்டே வன்செயலுக்குக் கரணியம் என்று ஆய்வுகள் மெய்ப்பிக்கவில்லை என்று கூறியது. 2019இல் ஆக்சுபோர்டு பல்கலைக்கழகத்து ஆய்வாளர், 14, 15 அகவையுடைய பிரித்தானியப் பிள்ளைகள் ஏறத்தாழ ஆயிரவரை ஆராய்ந்து, அவர்தம் முரட்டு நடத்தைக்கும் விளையாட்டுக்கும் தொடர்பு காணவில்லை என்றனர்.

இவையெல்லாம் உண்மை. இவற்றை மறுத்துப் பேசுவது நம் கட்சியையே மெலியச் செய்யும்.

நம் மண்ணில் நிகழ்ந்ததையும் பாருங்கள். 2023 ஆகத்துத் திங்களில் நெல்லை மாவட்டத்து நாங்குநேரியில், 12ஆம் வகுப்பில் பயின்ற ஒடுக்கப்பட்ட குடி மாணவன் ஒருவனை, அவனோடு பயின்ற மாணவரே இரவில் வீடு புகுந்து அரிவாளால் வெட்டினர். தடுக்க வந்த தங்கையும் வெட்டுண்டாள். இக்கொடுமைக்குத் திரைப்படமா கரணியம்? அன்று, சாதி! ஓய்வுபெற்ற நடுவர் சந்துரு அவர்களைக் கொண்டு அரசு அமைத்த ஒருவர் குழு 2024 சூன் திங்களில் தந்த அறிக்கை, பள்ளிப் பெயர்களிலிருந்து சாதிப் பெயரை நீக்குக என்றது. மாணவர் கைகளில் சாதி காட்டும் வண்ணக் கயிறுகளைத் தடுக்க என்றது. கயிறு கட்டிவிட்டது எந்தத் திரைப்படம்? வீடு கட்டிவிட்டது, ஊர் கட்டிவிட்டது, கண்டும் காணாதிருந்த பள்ளியும் அதற்கு உடந்தையாயிற்று. "எல்லாம் படத்தால் வந்த வினை" என்று கூறி நகர்வோர், சாதி என்னும் முதற்குற்றவாளியைக் கூண்டிலிருந்து இறக்கி வீட்டுக்கு அனுப்பிவிடுகின்றனர். இதை ஒருகாலும் ஏற்கவொண்ணாது.

அவ்வாறாயின், திரைப்படமும் விளையாட்டும் குற்றமற்றவை என்று முடித்துவிடலாமா?

முடிக்கலாகாது! ஏனெனில், "இது கொலைஞனை உண்டாக்குகின்றதா?" என்னும் வினாவே பிழையான வினா. கொட்டகையில் ஆயிரவர் அமர்ந்து காண்கின்றனர். அவருள் ஒருவன் நாளை வெட்டுவானா என்று மட்டும் கேட்கின்றோம். வெட்டாத தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பதின்மர் என்ன ஆகின்றனர் என்று எவரேனும் கேட்டோமா? ஒரு குமுகாயத்தில் வெட்டுவோன் ஒருவன்; வெட்டைக் காண்போர் பலர். காண்போர் நெஞ்சு கொதித்தால் அரிவாள் தாழும். காண்போர் கைதட்டினால் அரிவாள் ஓங்கும்.

இதனைத் தெளிவிக்கும் ஆய்வு ஒன்று உண்டு. ஆல்பர்ட்டு பாண்டுரா என்னும் உளவியலறிஞர், 1961இல் அமெரிக்காவின் இசுட்டான்போர்டு பல்கலைக்கழகத்து மழலைப்பள்ளியில் 72 பிள்ளைகளைக் கொண்டு ஓர் ஆய்வு நிகழ்த்தினார். பெரியவர் ஒருவர் காற்றடைத்த பாவை ஒன்றை அடித்து உதைப்பதைக் கண்ட பிள்ளைகள், தாமும் அவ்வாறே அடித்து உதைத்தனர். "பாவை அடிப்பதற்கென்றே செய்யப்பட்டது, அதை அடிப்பது வன்முறையா?" என்று வணிகர் நகைப்பர். நகைக்கட்டும். 1965இல் அவர் வெளியிட்ட ஆய்வே நமக்கு முகன்மையானது. பாவையை அடிப்பவரைப் படத்தில் காட்டினார். ஒரு குழுவினர்க்கு, அடித்தவர் பாராட்டும் பரிசும் பெறுவதாகக் காட்டினார். மற்றொரு குழுவினர்க்கு, அடித்தவர் ஒறுக்கப்படுவதாகக் காட்டினார். மூன்றாம் குழுவினர்க்கு, இரண்டும் காட்டவில்லை. ஒறுப்பைக் கண்ட பிள்ளைகள் குறைவாகவே அடித்தனர். பின்னர், "கண்டதைச் செய்து காட்டினால் பரிசு" என்றதும், மூன்று குழுவினரும் ஏறத்தாழ ஒரே அளவில் அனைத்தையும் செய்து காட்டினர்!

இதன் பொருள் என்ன? கண்டது ஒவ்வொரு பிள்ளைக்குள்ளும் பதிந்திருக்கின்றது. அது வெளிப்படுவதும் அடங்குவதும், அச்செயலுக்கு உலகம் மாலை சூட்டுகின்றதா, முகம் சுளிக்கின்றதா என்பதைப் பொறுத்தது. நம் திரைப்படத்தில் மாலை யாருக்கு? பத்துப் பேரை வெட்டிச் சாய்த்துவிட்டு மெல்ல நடந்து வருபவனுக்கன்றோ பறை முழங்குகின்றது, பாட்டு எழுகின்றது, சீழ்க்கை பறக்கின்றது!

விளையாட்டு நெஞ்சில் எதையும் பதிப்பதில்லை எனின், அமெரிக்கத் தரைப்படை 2002இல் தன் பெயராலேயே ஒரு கணினிப் போர்விளையாட்டை உருவாக்கி, விலையின்றி இளைஞர்க்கு வழங்கியது ஏன்? படைக்கு ஆள் சேர்க்க! 2022 வரை இருபதாண்டுகள் அதை நடத்தினர். பயனில்லாதவற்றுக்கு எந்தப் படையும் பணம் கொட்டுவதில்லை.

இனி நம் தொல்லாசான்பால் செல்வோம். தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் எண்வகை மெய்ப்பாடுகளை வகுத்து, ஒவ்வொன்றும் எவ்வெவற்றால் பிறக்கும் என்பதையும் நந்நான்காக எண்ணிக் காட்டுகின்றார். உறுப்பை அறுத்தல், குடியைக் கெடுத்தல், அடித்து அலைத்தல், கொல்லுதல் ஆகிய நான்கும் எந்த மெய்ப்பாட்டுக்கு உரியன? வெகுளிக்கு! ஓர் உறுப்பு அறுபடக் கண்டால் மாந்த நெஞ்சில் சினம் மூளவேண்டும். அதுவே இயற்கை என்பது தமிழர் கண்ட உளநூல். பெருமிதம் எவற்றால் பிறக்கும்? கல்வி, தறுகண்மை, புகழ், கொடை ஆகியவற்றால். உவகை எவற்றால் பிறக்கும்? செல்வம், புலனறிவு, புணர்ச்சி, விளையாட்டு ஆகியவற்றால்.

இன்று நடப்பது என்ன? வெகுளியின் பட்டியலில் இருந்த உறுப்பறுத்தலையும் கொலையையும் வேரோடு பறித்தெடுத்து, திரைப்படம் பெருமிதத்தின் பட்டியலில் நட்டுவிட்டது. கணினி விளையாட்டோ உவகையின் பட்டியலில் நட்டுவிட்டது. தலை உருளும்போது கொட்டகை சிரிக்கின்றது. கொலை விளையாட்டாகவே ஆகிவிட்டது! இஃது ஒருவனைக் கொலைஞன் ஆக்காமல் இருக்கலாம். ஆனால் கொலையைக் கண்டு கொதிக்கும் ஆற்றலை ஓரினத்தின் நெஞ்சிலிருந்து சிறிது சிறிதாக உறிஞ்சிவிடும். நடுத்தெருவில் ஒருவன் வெட்டுண்டு துடிக்கையில் ஓடிச்சென்று தாங்காமல், கைப்பேசியை உயர்த்திப் படம்பிடிக்கும் கையைப் பார்க்கின்றோமே. அந்தக் கை கொலைஞன் கையன்று. ஆனால் அது மாந்தன் கையா?

"உங்கள் புறநானூற்றில் குருதி இல்லையா? கலிங்கத்துப்பரணியில் பிணக்குவியல் இல்லையா?" என்று சிலர் நம்மை மடக்குவர். உண்டு. ஆனால் எவ்வாறு உண்டு? அம்பு தொடுக்குமுன் பெண்டிரையும் பிணியுற்றோரையும் மகப்பேறு பெறாதாரையும் அரணுக்குள் செல்லுமாறு அறிவிக்கும் போரறத்தை நெட்டிமையார் பாடினார். மாண்டவனுக்காகக் கலங்கிப் பாடுதற்குக் கையறுநிலை என்று ஒரு துறையையே வகுத்தனர் முன்னோர். புறநானூற்றில் சாகின்றவனுக்குப் பெயருண்டு, ஊருண்டு, அழும் மனைவியுண்டு. நம் திரைப்படத்தில் வெட்டுண்டு விழும் அடியாளுக்குத் தாயுண்டா? பெயரேனும் உண்டா? பரணியிலோ, வேந்தன் வெற்றியைச் செயங்கொண்டார் புகழ்வது மெய்தான். ஆயினும் களத்துப் பிணங்களில் கூழ் சமைத்துக் குடித்துக் கூத்தாடுவன எவை? பேய்கள்! குருதி கண்டு களிக்கும் தொழிலைத் தமிழ்ப் புலவன் பேய்க்குத் தந்தான். இன்றைய வணிகன் அதை நம் பிள்ளைக்குத் தந்திருக்கின்றான்.

இதில் மொழிக்கேடும் கலந்திருப்பதைக் கவனியுங்கள். ஒருநாள் உணவு இடைவேளையில் மாணவன் ஒருவன் தன் தோழனிடம், "நேற்று இரவு பன்னிரண்டு கில் எடுத்தேன்" என்று மகிழ்ந்து கூறினான். அவனை அழைத்து, "அதைத் தமிழில் கூறு" என்றேன். "பன்னிரண்டு..." என்று தொடங்கியவன் நின்றான். "பன்னிரண்டு பேரைக் கொன்றேன்" என்னும் சொற்கள் அவன் வாயில் எளிதில் வரவில்லை. தாய்மொழிச் சொல்லுக்கு நெஞ்சைத் தொடும் வெம்மை உண்டு. அயற்சொல் அதை மூடி மறைத்துவிடுகின்றது. திரைப்படம் வழி பரவியிருக்கும் கொச்சை வழக்கில் கொலைக்குப் பெயர் 'சம்பவம்'! கொலை என்னும் தமிழ்ச்சொல்லைத் தள்ளிவிட்டு, வடசொல் ஒன்றால் அதற்கு மெருகிட்டுள்ளனர். சொல் போனால் சொல்லின் சூடும் போகும்.

அரசுகளை நம்பியிருக்கலாமா? 'பப்சி' என்னும் விளையாட்டை 2020 செப்டம்பரில் இந்திய அரசு தடுத்தது. பிள்ளைகளுக்காகவா? இல்லை, சீனத்தோடு எல்லைப் பூசல் மூண்டதால், நாட்டின் பாதுகாப்பைக் கூறித் தடுத்தது. 2021இல் அதே விளையாட்டு வேறு பெயரில், குருதியின் நிறத்தைப் பச்சையாக்கிக்கொண்டு திரும்பி வந்தது. நிறத்தை மாற்றினால் கொலை மாறிவிடுமா? 2025இல் வந்த 'கூலி' என்னும் படத்துக்குச் சான்று வாரியம், அகவை வந்தோர் மட்டுமே காணத்தக்கது என்னும் 'ஏ' சான்று அளித்தது. எடுத்தவர்கள் வாளாவிருந்தனரா? சான்றை மாற்றித் தருமாறு சென்னை உயர் நயன்மன்றத்தில் வழக்குத் தொடுத்தனர். மன்றம் அதை ஏற்கவில்லை. பிள்ளைகள் வாராவிடில் வருவாய் குறையும் என்பதன்றி வேறென்ன கவலை அது?

எனவே நாம் செய்யவேண்டுவன எவை? எல்லாப் படங்களையும் கொளுத்துக என்று நாம் கூறவில்லை. கலைக்கு உரிமை வேண்டும். கொடுமையைக் கொடுமையாகக் காட்டும் உரிமை கலைக்குக் கட்டாயம் வேண்டும். ஆனால் சான்று 'ஏ' எனின், வாயிலில் நிற்பவன் பிள்ளையைத் திருப்பி அனுப்பவேண்டும். அதற்குமுன் தந்தை அப்பிள்ளையைத் தோளில் சுமந்து வாராதிருக்க வேண்டும். கதை எழுதும் தமிழன், வெட்டுண்டு விழுபவனுக்கு ஒரு பெயரும் ஒரு தாயும் தந்து எழுதவேண்டும். ஆசிரியர், பிள்ளை கண்டு வந்ததை வகுப்பில் பேசச்செய்து, "விழுந்தவன் வீட்டில் அன்றிரவு என்ன நடந்திருக்கும்?" என்று கேட்கவேண்டும். அனைத்துக்கும் மேலாக, சாதிக் கயிற்றை நம் வீட்டுப் பிள்ளையின் கையிலிருந்து நாமே அறுத்தெறிய வேண்டும். வெறுப்பை ஊட்டுவது சாதி. அவ்வெறுப்புக்கு ஒப்பனை செய்வது திரை. ஒன்றை விட்டு ஒன்றைத் தாக்குவது பயனற்றது.

கொலையைக் கண்டால் கொதிக்கும் நெஞ்சு தமிழனுக்கு இருந்தது. அதற்குத் தொல்காப்பியம் சான்று. அந்நெஞ்சு நம் பிள்ளைகளுக்கும் வேண்டும். அதை வணிகனிடம் விற்றுவிட்டு, மொழி காத்தோம், இனம் காத்தோம் என்று பேசுவதில் பொருளில்லை.

வெகுளவேண்டிய இடத்தில் வெகுள்வோம்!